நிறைகுடத்துக்கு வைத்த ஆங்கிலேய மேசை

எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்ட ஒருத்தியிடம் மட்டும் "இது என்ன?" என்று கேட்டுவிடக் கூடாது. சொல்லிவிடுவாள்.

கோட்-டெ-நெய்ஜ் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படித்த காலத்தில் (படிக்க வேண்டியது கணக்கியல், படித்தது மேசைகள்) பழைய ஆங்கிலேய ரோஸ்வுட் மேசைகள்மேல் எனக்குப் பைத்தியம். யாரோ வீடு காலிசெய்தபோது ஒன்றைப் பிடித்து, நகரத்தின் மறுகோடியில், ரொக்ஸ்பரோவில் இருந்த எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். ஒற்றைக் காலில் நிற்கும் வட்ட மேசை. கருஞ்சிவப்பு மரத்தைக் கடதாசி மாதிரிச் சீவி, ரேகைகள் வண்ணத்துப்பூச்சிச் சிறகாக விரியும்படி ஒட்டியிருந்தார்கள். ஒட்டின இடம் நகத்துக்குக்கூடத் தட்டுப்படாது. அடியில் ஒரு பித்தளைப் பூட்டு; அமுக்கினால் மேற்பலகை செங்குத்தாக நிமிர்ந்து நிற்கும், சாப்பிட்டு முடியச் சுவரோரம் தள்ளிவிடலாம். இவ்வளவும் யோசித்த தச்சன் ஒரு மூலையிலும் தன் பேரைப் பொறிக்கவில்லை. (நான் ஒரு பக்கக் கட்டுரைக்கே அட்டை போட்டுப் பேர் எழுதுகிறவள்.)

அக்காவுக்கு நிச்சயம் செய்ய மாப்பிள்ளை வீட்டார் வந்த நாள். வாசலில் நிறைகுடம் வைக்க அம்மா பிளாஸ்டிக் மேசையை விரித்தார். நான் விடுவேனா? என் வட்ட மேசையை வாசலுக்கு இழுத்துவந்தேன்.

"ஒத்தைக் கால் மேசையடி. கவிழாதோ?" என்றார் அம்மா.

"அம்மா, இருநூறு வருசமாக் கவிழாத மேசை!"

மாப்பிள்ளையின் அப்பா பட்டு வேட்டியோடு படியேறினார். பன்னீர் தெளித்தோம். எல்லாம் ஒழுங்கு. அப்போதுதான் மனிதர் குனிந்து, "பிள்ளை, இது என்ன மரம்?" என்றார்.

சொன்னேன். மரம், பசை, ரேகை, எல்லாம். தட்டுகள் ஏந்திய சொந்தக்காரர் படியில் காத்திருந்தார்கள். "இதெல்லாம் பெரிசில்லை மாமா. இந்தப் பூட்டைப் பாருங்கோ, இப்பிடி அமத்தினா..."

அந்தத் தச்சர்களின் வேலையை என்னவென்று சொல்வது! இத்தனை தலைமுறைக்குப் பிறகும் கிறீச்சென்று ஒரு சத்தமில்லை. வெண்ணெயாக வழுக்கி நிமிர்ந்தது பலகை. குடம், தண்ணீர், தேங்காய், குங்குமம் எல்லாம் மாமாவின் வேட்டியில்.

நிறைகுடம் சரிந்தால் சம்பந்தம் சரிவராது என்று எவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. முகங்கள் சொல்லின. அக்கா கதவுக்குப் பின்னால் அழத் தயாரானாள். நான்? சேலைத் தலைப்பால் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். (தண்ணி இறங்கினால் பசை விட்டுவிடுமே!)

"மேசையை விட்டிட்டு மனிசரைப் பாரடி!" அம்மா கத்தினார்.

மாமா சொட்டச் சொட்ட முழந்தாளிட்டு அடியில் எட்டிப் பார்த்தார். "அட, என்ன வேலைப்பாடு! இன்னொருக்கா அமத்துங்கோ பிள்ளை. முதல் தரம் எனக்கு வடிவாத் தெரியேல்லை."

"குடத்தோட தண்ணி ஊத்தினாலும் இவற்ற பழஞ்சாமான் விசர் போகாது," என்று மாமாவைக் காட்டி மாமி சிரித்தார். படியில் நின்றவர்களும் சிரித்தார்கள். தட்டுகள் உள்ளே வந்தன.

கலியாணத்தன்று நிறைகுடத்தைத் தரையிலேயே வைத்தார்கள். இன்றைக்கும் எந்த விசேஷத்திலாவது நான் ஒரு மேசைப் பக்கம் போனால், மாமா வேட்டியை முழங்காலுக்கு மேலே தூக்கிக்கொள்வார்.

"விலத்துங்கோ, தள்ளி நில்லுங்கோ! பிள்ளை பூட்டுக் காட்டப் போறா!"