பிரேக் இன்ஸ்பெக்டரை நான் துரத்தவில்லை

சொந்தத் தோட்டத்துக்குள் வண்டி ஓட்டிப் பழகியவர்களுக்கு ஒரு திமிர் வந்துவிடும். எதிரே வர ஆள் கிடையாது. இடித்தாலும் நம்ம தென்னைமரம்தான். எனக்கு அந்தத் திமிர் கொஞ்சம் கூடுதல்.

தொண்டாமுத்தூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டி உழுவது நான்தான். ரோட்டில் ஏறத்தான் லைசென்ஸ் இல்லை. கையில் இருந்தது ஸ்கூட்டர் லைசென்ஸ். கணவர் விடிந்ததும் மில்லுக்குப் போய்விடுவார். தக்காளி மார்க்கெட்டுக்குப் போக வாடகை டிரைவர் மனது வைக்க வேண்டும். (அவர் மனது வைப்பதற்குள் தக்காளி ரசமாகிவிடும்.) அதனால் எல்.எல்.ஆர். போட்டேன். "அடுத்த பறிப்புக்கு நானே ஓட்டீட்டுப் போறேன் பாருங்க" என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தேன்.

டிராக்டரில் பின்சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி பிரேக். உழும்போது ஒன்றை மட்டும் மிதித்தால் வண்டி அந்தப் பக்கம் சட்டென்று திரும்பும். ரோட்டில் போகும்போது இரண்டு பெடலையும் ஒரு கொண்டியால் சேர்த்துவிட வேண்டும். டெஸ்ட் மைதானம் வரை ஓட்டி வந்த கணவர் சேர்த்துத்தான் வைத்திருந்தார். காத்திருந்த நேரத்தில், கார் டெஸ்டுக்கு வந்த பையன்கள், "அக்கா, இது சின்ன எடத்துல திரும்புமுங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். விடுவேனா? கொண்டியைக் கழற்றி, நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டினேன். கை தட்டினார்கள். அந்தச் சந்தோஷத்தில் கொண்டியை மறந்தே போனேன்.

என் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரேக் இன்ஸ்பெக்டர் மரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தூரத்தில் கணவர் இரண்டு கைகளையும் சேர்த்துச் சேர்த்துக் காட்டினார். (வாழ்த்துகிறாராக்கும் என்று நானும் ஒரு கும்பிடு போட்டேன்.)

நேராக ஓட்டினேன். ரிவர்ஸ் எடுத்தேன். "போதும்மா, நிறுத்துங்க" என்றார். மிதித்தேன், ஒரே ஒரு பெடலை. வண்டி அழகாகத் திரும்பி நேரே அவரைப் பார்த்துக் கிளம்பியது. பதற்றத்தில் கிளட்ச் என்று ஒன்று இருப்பதே நினைவில்லை.

"ஏனுங்க சார், கொஞ்சம் தள்ளிக்குங்க! தப்பா நெனச்சுக்காதீங்க சார்!"

அவர் எழுந்து ஓடினார். நான் இன்னும் அழுத்தினேன். வண்டி இன்னும் வளைந்து அவர் ஓடிய பக்கமே போனது. கடைசியில் மரத்தில் முட்டி நின்றபோது நாற்காலி அப்பளமாகக் கிடந்தது.

"ஏம்மா, எம்மேல ஏதாச்சும் கோவமா?" என்றார் மூச்சு வாங்கிக்கொண்டே.

"ஐயோ, இல்லீங்க சார்!"

"அப்ப அடுத்த மாசம் வாங்க."

திரும்பும்போது கணவர் சொன்னார்: "கொண்டியப் போடச் சொல்லித்தான் அம்மணி கையக் காட்டுனேன்."

"கும்பிடறீங்கன்னு நெனச்சேனுங்க."

"கடைசீல கும்பிட்டதும் நெசந்தான்."

அந்தப் பறிப்பும் வாடகை டிரைவருக்காகக் காத்துக் கிடந்தது. வெட்கத்தில் நான் வீட்டை விட்டே வெளியே வரவில்லை. அடுத்த டெஸ்டில் பாஸ். (இன்ஸ்பெக்டர் மரத்துக்குப் பின்னால் நின்றே பார்த்தார்.) இப்போது தக்காளியை மார்க்கெட்டுக்கு ஓட்டிப் போவது நான்தான்.

வீட்டில் போன மானம் மட்டும் திரும்பவில்லை. நான் குரலை உயர்த்தினால் போதும், கணவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் பின்னால் போய்விடுகிறார். "அம்மா, கொண்டி!" என்று கத்துகிறாள் மகள். எனக்கே சிரிப்பு வந்துவிடுகிறது. நியாயம் முழுக்க என் பக்கம் இருந்த எத்தனையோ சண்டைகளில் இப்படித்தான் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.