பறப்பதற்கு மெய்யம்மை தந்த அனுமதி

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இட்லிக்குச் சட்னி ஊற்றிக்கொண்டே, என் மனைவி மெய்யம்மை எனக்கு விமானத்தில் பறக்க அனுமதி கொடுத்துவிட்டாள்.

"ஒங்க ஆசைப்படி பறந்துட்டு வாங்க. இனிமே நான் குறுக்க நிக்கல," என்றாள்.

எடுத்த இட்லியைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

விமானம் என்றால் டிக்கெட் வாங்கி ஏறுகிற விமானம் இல்லை. எங்கள் சொந்த விமானம். காரைக்குடியில் சொந்தமாக விமானம் வைத்திருப்பவன் நான் ஒருவன்தான். எஸ்டேட் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் நாட்டுக்குத் திரும்பியபோது என் அப்பச்சி, அதாவது அப்பா, அவரிடமிருந்து வாங்கியது. மஞ்சள் உடம்பு. துணி போர்த்திய இறக்கை. முன்னால் ஒரு ஆள், பின்னால் ஒரு ஆள். அப்பச்சி அதில் ஏறிப் போய், கீழச்சிவல்பட்டிக் கண்மாயில் குளிக்கிறவர்களுக்குக் கையாட்டிவிட்டு வருவார். அவர் காலத்துக்குப் பிறகு அது ஷெட்டை விட்டு நகரவில்லை.

சொத்துப் பிரித்தபோது அண்ணன் பள்ளத்தூர் வீட்டை எடுத்துக்கொண்டார். நான் விமானத்தை எடுத்துக்கொண்டேன். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நானே கேட்டு வாங்கினேன். மெய்யம்மை இதை மறந்திருப்பாள் என்று நான் நினைக்கும்படி அவள் ஒருநாளும் நடந்துகொண்டதில்லை.

மகனுக்குப் பெண் பார்த்தபோது, நாட்டரசன்கோட்டைச் சம்பந்தியிடம், "எங்க வீட்டுல ஒரு விமானம் இருக்கு," என்றேன். அவர் பயபக்தியோடு, "கும்பாபிஷேகம் எப்ப?" என்று கேட்டார்.

தினமும் சாயங்காலம் அதைத் துடைப்பேன். பிறகு முன் சீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். பெட்ரோலும் பழைய தோலும் கலந்த ஒரு வாசம் வரும். அப்பச்சி போட்டுக்கொண்ட பெரிய கண்ணாடி இன்னும் கொக்கியில் தொங்குகிறது. அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கும்போது நான் வேறு ஆள். மெய்யம்மை எட்டிப் பார்த்து, "சக்களத்தியக் குளிப்பாட்டியாச்சா? காபி ஆறுது," என்பாள். பழைய ஆளாக இறங்கி வருவேன்.

ஒரே ஒரு சங்கடம். எனக்கு உயரம் ஆகாது. பரணில் இருக்கிற அண்டாவை எடுக்க ஸ்டூலில் ஏறினாலே வீடு சுற்றும். மாடிப்படியில் சுவரைத் தடவிக்கொண்டுதான் இறங்குவேன்.

விமானம் வைத்திருக்கிறவன் ஏன் பறக்கவில்லை என்று ஊர் கேட்கும். கேட்டது. நான் பெருமூச்சு விட்டு, "விமானத்துக்கு இறக்கை இருக்கு. வீட்டுக்காரிக்கு இரக்கம் இல்ல. விடமாட்டேங்கிறா," என்பேன். கிளப்பில் இதற்கு நல்ல மரியாதை. பக்கத்து வீட்டு பூமிநாதன், ரிட்டயர்டு தாசில்தார், என் தோளில் கை போட்டு, "கழுகக் கூண்டுல அடைச்சிட்டாகளே," என்று வருத்தப்படுவார். கழுகு இன்னொரு போண்டா எடுத்துக்கொள்ளும்.

இப்போது கூண்டைத் திறந்துவிட்டாள்.

காரணம் அந்த ஷெட். எங்கள் வீட்டில் நாலு அறையைச் சுற்றுலா வருகிறவர்களுக்கு விட்டிருக்கிறோம். மெய்யம்மையின் கைப்பக்குவம் பரவி, தங்குகிறவர்களைவிடச் சாப்பிட வருகிறவர்கள் அதிகமாகிவிட்டார்கள். சாப்பாட்டுக் கூடம் போட ஷெட்டைக் கேட்டாள்.

"பறக்கப் போற விமானத்த மழையில நிப்பாட்டச் சொல்றியா?" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"பறக்கப் போறீகளா?" என்று மட்டும் கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். அதோடு முடிந்தது என்று நினைத்தேன். சென்னைக்குப் போய்ப் பேரனோடு ஒரு வாரம் இருந்துவிட்டுத் திரும்பினேன். திரும்பிய மறுநாள்தான் இந்த இட்லி.

"எனக்கு லைசென்ஸ் இல்லையே," என்றேன்.

"மதுரைலேருந்து பைலட் வாராரு. நீங்க பின் சீட்டுல உக்காந்தாப் போதும்."

"கவர்மெண்ட்டுல கேக்கணும்."

"கார்த்திகேயன் பேசிட்டான்." கார்த்திகேயன் எங்கள் மகன்.

"பழைய வண்டி. செம்மலை பாத்துச் சொல்லணும்."

"பாத்துட்டான்."

"எனக்கு பிரஷர் இருக்கு."

"டாக்டரக் கேட்டேன். காத்தாடப் போயிட்டு வரட்டும்னாரு. இன்னொரு இட்லி வைக்கவா?"

செம்மலை பஸ் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன். விமானத்துக்கும் அவன்தான் வைத்தியர். அவனைத் தனியாகப் பிடித்தேன்.

"இது பறந்தா விழுந்துரும்னு ஆச்சிகிட்டச் சொல்லு."

மெய்யம்மையைத் தேடி உள்ளே போனான். வெகுநேரம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்தான்.

"சொன்னியா?"

"சொல்லத்தாண்ணே போனேன். கந்தரப்பம் குடுத்தாக. சூடா இருந்துச்சு."

"அப்புறம்?"

"அப்புறம் வெள்ளைப் பணியாரம் குடுத்தாக."

அதற்கு மேல் நான் கேட்கவில்லை.

செய்தி பரவியது. பூமிநாதன் தெருமுனையில் ஃபிளெக்ஸ் வைத்துவிட்டார். 'விண்ணைத் தொடும் எங்கள் அண்ணன்.' என் பாஸ்போர்ட் போட்டோ. சுற்றிலும் மேகம். கீழே தேதி. கண்ணீர் அஞ்சலி என்ற இரண்டு வார்த்தைதான் குறை. சைக்கிளில் போன ஒருவர் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டதை நானே பார்த்தேன்.

பறக்கிற நாளுக்கு முந்தின சாயங்காலம் அடுப்படிக்குப் போனேன். மெய்யம்மை கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"மெய்யம்மை, வேண்டாம்னு ஒரு வார்த்தை சொல்லு."

"எதுக்கு?"

"வழக்கமாச் சொல்றதுதானே."

"நான் எப்பச் சொன்னேன்? கல்யாணமாகி வந்ததுலேருந்து ஒரு நாளும் சொல்லல. நான் சொன்னதா நீங்கதான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டிருக்கீக."

கிளப்பில் பேசுவது வீட்டுக்கு வராது என்று நினைத்திருந்தேன். பூமிநாதனுக்கு அகிலாண்டேஸ்வரி என்று ஒரு மனைவி இருப்பதும், அவர் தினமும் எங்கள் வீட்டுக்குத் தயிருக்கு உறை வாங்க வருவதும் எனக்குத் தோன்றவில்லை.

"சரி, இப்பச் சொல்லேன்."

"பயமா இருக்கா?"

"பயமில்ல. தலை சுத்தும்."

இன்னும் ரெண்டு கத்தரிக்காயை நறுக்கினாள். பிறகு, "சொல்றேன். ஆனா பறக்காத விமானத்துக்கு ஷெட்டு எதுக்கு?" என்றாள்.

"வேற எங்க நிப்பாட்டுறது?"

"கொல்லைல வேப்பமரத்தடில. மேல தகரம் போட்டுத் தாரேன். எப்பயும் போல உக்காந்து பேப்பர் படிங்க. காபி அங்குட்டே வரும்."

தலையாட்டினேன்.

மறுநாள் காலை வாசலில் நல்ல கூட்டம். பூமிநாதன் மாலையோடு நின்றார். நான் அப்பச்சியின் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். மெய்யம்மை ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் விடமாட்டேன். என்ன ஆனாலும் விடமாட்டேன். ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் என்ன செய்வேன்?"

மெய்யம்மை அழுது நான் பார்த்ததில்லை. நன்றாகவே அழுதாள். எனக்கே கண் கலங்கிவிட்டது. பூமிநாதன் மாலையை என்ன செய்வதென்று தெரியாமல் என் கழுத்திலேயே போட்டு, "பெண்டாட்டி கண்ணீருக்காக வானத்தையே விட்டுக்குடுத்துட்டான்யா," என்றார். கூட்டம் கலையும்போது பலர் மூக்கைச் சிந்தினார்கள். என் மரியாதை முன்னைவிடக் கூடியிருந்தது. ஷெட் போனால் போகட்டும் என்று தோன்றியது.

அன்று மத்தியானமே செம்மலை ஆட்களோடு வந்து விமானத்தை வெளியே தள்ளினான். பார்த்துக்கொண்டு நிற்க மனசு கேட்கவில்லை. நானும் ஒரு கை கொடுக்கலாமென்று மூக்குப் பக்கம் பிடித்தேன். பிடித்ததும் மூக்கு மூங்கில் கூடை மாதிரி மேலே எழும்பியது.

"என்னடா செம்மலை, இம்புட்டு லேசா இருக்கு?"

"எஞ்சின் இல்லைல்லண்ணே."

"எஞ்சின் எங்க?"

"அது உள்ள வெடிச்சுப்போயி ரொம்ப நாளாச்சு. இனி ஓடாது. நீங்க சென்னை போயிருந்தப்பக் கழட்டுனோம். காலேஜ்ல படிக்கிற பிள்ளைக பாத்துப் பழகட்டும்னு ஆச்சி குடுத்து விட்டுட்டாக. வெறும் மூக்கப் பாத்தா ஒங்க மனசு கஷ்டப்படும்னு, முன்னால சுத்துற விசிறிய மட்டும் ஒரு மரக்கட்டைல பூட்டி வைக்கச் சொன்னாக."

"மதுரை பைலட்டு?"

"எந்த பைலட்டுண்ணே?"

ஷெட்டுக்குள் போனேன். மெய்யம்மை எந்த மேசையை எங்கே போடலாம் என்று சாக்பீஸால் தரையில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் மாலையோடு அவள் எதிரில் நின்றேன்.

"எஞ்சின் இல்லாத விமானத்துலயா என்னைய ஏறச் சொன்ன?"

கோட்டை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"அதனாலதான் தைரியமா ஏறச் சொன்னேன்," என்றாள்.