எல்லையைத் துளைத்த அம்மோனியா

வேதியியல் நடத்திச் சம்பளம் வாங்கிய நான், மூலக்கூறு என்பது கரும்பலகையில் வரைந்த இடத்திலேயே அடங்கிக் கிடக்கும் என்று வெகுகாலம் நம்பியிருந்தேன். பாலக்காட்டில் எங்கள் கல்லூரிக்கு ‘அம்மோனியா மாஷ்’, அதாவது அம்மோனியா வாத்தியார், பேராசிரியராக வந்தார்; நம்பிக்கை போயிற்று. சோதனைக் குழாயைத் தொடாமலே வேதியியலைக் கலக்கிய மனிதர் உலகத்தில் அவர் ஒருவர்தான்.

“ஓய், அம்மோனியா ஒரு குடையாக்கும். காத்தில்லாமலே உள்வெளியா மடங்கறது. நடுவிலே மலை, ஏறத் தெம்பு கிடையாது. ஆனாலும் அந்தண்டை போயிடறது, வினாடிக்கு ஆயிரம் கோடித் தடவைக்கு மேலே!”

“எப்படி மாஷே?”

“மலைக்குள்ளே புகுந்துதான்.”

அதைச் சொல்லும்போது அவர் கண்ணில் கற்பூர ஆரத்தி தெரியும்.

அது மலைக்குள் புகும் கணக்கைப் போட மதராஸில் ஒரு கணிப்பொறி இருந்தது. அதற்குத் தீனி, துளையிட்ட அட்டைகள். வரிசை கலைந்தால் மூன்று வருஷ உழைப்பு அவியல்தான். எழுபதுகளில் ஒரு மழைநாள், மதராஸ் போய்விட்டு அந்த அட்டைகள் இருந்த பெட்டியோடு கோயமுத்தூரிலிருந்து பஸ்ஸில் திரும்பினோம். நனையக் கூடாதென்று மாஷ் அதைக் கட்டியிருந்தது அரிசிச் சாக்கில். அரிசிக் கடத்தலைப் பிடிக்கவே நின்ற எல்லைச் செக்போஸ்டில் அரிசிச் சாக்கோடு இறங்க மேதைகளால்தான் முடியும்.

“சாரே, அரியாணோ? அரிசின்னா இங்கே கொட்டுங்க” என்று அதிகாரி சேற்றைக் காட்டினார்.

மாஷ் சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டார். “என்னை வேணா கொட்டும்! இதைக் கொட்டப்படாது!” பிறகு என் குடையைப் பிடுங்கி, உள்வெளியாக மடக்கி, மலையையும் அம்மோனியாவையும் விளக்க ஆரம்பித்தார். அதிகாரி வாய் பிளந்தார். சிப்பந்திகளும் கூடிவிட்டார்கள்.

“அப்போ நடுவழியில பிடிக்கவே முடியாதா சாரே?” அதிகாரியின் குரலில் தொழில் அக்கறை.

“பார்க்கப் போனாலே ஆட்டம் கலைஞ்சிடும்!”

கடைசியில் அதிகாரியே மாஷை எழுப்பி, சாக்கை அவிழ்த்து, பெட்டியைத் திறந்து ஒரே ஓர் அட்டையை உருவினார். விலா எலும்பை உருவியதுபோல் மாஷ் அலறினார். அதிகாரி துளைகளை வெளிச்சத்தில் பார்த்தார். “முழுக்க எலி தின்னதாக்கும்! போட்டே, கொண்டு போங்க.” எடுத்த இடத்திலேயே செருகிவிட்டார். 

பஸ் நகர்ந்தது. முன்சீட்டில் இருந்த, எலப்புள்ளி ஊர்க்காரம்மா ஒருவர் சேலை மடிப்புகளிலிருந்து அரிசி முடிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடையில் போட்டார். எல்லோரும் அம்மோனியா கேட்டுக்கொண்டிருந்தபோது செக்போஸ்டின் நடுவிலேயே நடந்து வந்தவர்.

மாஷ் எழுந்து நின்று கைகூப்பினார். “ஓய், இத்தனை நாளும் கணக்கு, இன்னிக்குத்தான் தரிசனம்!”

எனக்கும் புல்லரித்தது. பெட்டியைப் பச்சைக் குழந்தைபோல் அணைத்திருந்த அந்த மனிதரைப் பார்த்து நானும் கைகூப்பியிருப்பேன். கையில் முதுகு ஒடிந்த குடை இருந்தது.

அந்தம்மா சாக்கை மேலும் கீழும் பார்த்தார்.

“ஏனுங்க மாஷே, இத்தன பாடுபட்டுக் கொண்டாந்தீங்களே, அடியில ஒரு படி அரிசியாச்சும் போட்டிருக்கக் கூடாதுங்களா?”