நாரைகளுக்குக் கட்டம் இல்லை

"தொண்ணூத்தொன்பது சதவீதம்" என்று சொல்லி வாயை மூடிய அடுத்த நொடியே, சொல்லியிருக்கக் கூடாது என்று நாரையம்மாவுக்குப் புரிந்துவிட்டது.

தளபதி நாற்காலியில் நிமிர்ந்தார். "அப்ப மிச்சம் ஒரு சதவீதம் விமானம்?"

"ஐயோ, இல்லைங்க. அது ஒரு பேச்சுக்குச் சொன்னது. ஆராய்ச்சி பண்றவங்க எதையும் நூறுன்னு சொல்ல மாட்டோம்."

"ரேடார்ல எழுபத்திமூணு புள்ளி. அதுல ஒரு சதவீதம்னா..." செயலாளர் தாளின் ஓரத்தில் கணக்குப் போட்டார். "முக்கால் விமானம் வருதுங்க."

"முக்கால் விமானத்துல முழு குண்டு ஒண்ணு தாராளமா வரும்" என்றார் தளபதி.

சுவரில் மணி நாலு நாற்பது. பாதுகாப்பு அமைச்சகத்தின் ஜன்னலே இல்லாத அந்த அறையில் வெளிச்சம் ஒரே மாதிரி இருந்ததால், வெளியே சூரியன் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதை அந்தக் கடிகாரம் மட்டுமே சொல்லிக்கொண்டிருந்தது. மூன்று நாட்களாக, மாலை ஆறு மணிக்கு, அண்டை நாட்டுப் பக்கமிருந்து ஏதோ ஒரு கூட்டம் எல்லை தாண்டி வருகிறது. இன்றும் வந்தால் பீரங்கிகள் சுடும் என்று உத்தரவாகியிருந்தது. குறி தப்பிய குண்டுகள் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூரில் போய் விழும். நாளைக்குப் போர்.

வருவது நாரைகள். நாரையம்மாவுக்கு அதில் சந்தேகமே இல்லை. பல்கலைக்கழகத்தில் பறவைத் துறை ஆசிரியை. எல்லையோர ஏரியில் முப்பது வருடமாக நாரைகளை எண்ணுகிறவள். அதனால்தான் இந்தப் பட்டப்பெயர். காலையில் ராணுவ ஜீப் வீட்டு வாசலில் வந்து நின்றபோது தெருவே வெளியே வந்து பார்த்தது. கணவர் தனக்கே பதக்கம் குத்திவிட்டதுபோல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றார். "நாடே உன்கிட்ட யோசனை கேக்குது. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லு. பாடம் எடுத்துடாதே" என்று காதோரம் சொல்லி அனுப்பினார்.

அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. முப்பது வருடச் சேறும் கொசுக்கடியும் வீண்போகவில்லை.

"சார், நான் வேற மாதிரி சொல்றேன்" என்று மறுபடி ஆரம்பித்தாள். "அது பறக்கிற விதத்தைப் பாருங்க. அம்பு முனை மாதிரி. முன்னாடி ஒண்ணு, ரெண்டு பக்கமும் வரிசையா மத்ததுங்க. முன்னாடி போறது களைச்சுப்போனா பின்னாடி வந்துடும், வேற ஒண்ணு முன்னாடி போகும்."

தளபதியின் முகம் கறுத்தது. "அணிவகுப்பு. அதுலயும் தலைமை மாறிக்கிட்டே இருக்கு. எவனைக் குறிவைக்கிறதுன்னே தெரியாது. நல்லா பழக்கியிருக்கானுங்க."

"யாரும் பழக்கலைங்க! வருஷா வருஷம் இந்த மாசத்துல வர்றதுதான். காலையில அந்தப் பக்கம் இரை தேடப் போகும், சாயங்காலம் நம்ம ஏரிக்குத் திரும்பிடும்."

"வருஷா வருஷமா?" செயலாளர் பேனாவைக் கீழே வைத்தார். "இத்தனை வருஷமா எல்லை தாண்டிப் போய் வந்துக்கிட்டிருக்கு, ஒருத்தனும் தடுக்கலையா?"

"புது ரேடார் போன வாரம்தானேங்க வச்சீங்க?"

அது உண்மைதான். அதனாலேயே அதை யாரும் ரசிக்கவில்லை.

சொல்லைவிடச் சத்தம் எளிதில் புரியும் என்று அவளுக்குத் தோன்றியது. மேசையிலிருந்து இரண்டு பென்சில்களை எடுத்து ஒன்றோடொன்று தட்டினாள். டக் டக் டக், டகடக டகடக. "கூட்டுக்குத் திரும்பினதும் அலகை இப்படித்தான் தட்டும். ஏரிக்கரையில ஒலிவாங்கி வச்சீங்கன்னா நீங்களே கேக்கலாம்."

கதவோரம் நின்றிருந்த காவலாளி துப்பாக்கியைச் சரிசெய்துகொண்டான். செயலாளர் மெல்லக் குனிந்து, "யாருக்கும்மா சிக்னல் குடுக்கறீங்க?" என்று கேட்டார்.

பென்சில்களைப் பறித்து இழுப்பறைக்குள் பூட்டினார்கள். மணி ஐந்து பத்து.

"சரி, பேச்சு போதும்" என்று செயலாளர் ஒரு படிவத்தை நகர்த்தினார். "நிபுணர் கருத்து எழுத்துல வேணும். ஒரு கட்டத்துல டிக் போட்டு, கீழே கையெழுத்துப் போடுங்க."

மூன்றே கட்டங்கள். 'நம்முடையது'. 'எதிரியுடையது'. 'தெரியாதது'.

"பறவைக்குக் கட்டம் இல்லையே?"

"வானத்துல பறக்கிறது எதுவானாலும் இந்த மூணுல ஒண்ணுக்குள்ள வந்தாகணும்மா."

"எதிரியுடையதுன்னு போட்டா?"

"சுடுவோம்."

"தெரியாததுன்னு போட்டா?"

"சுட்டுட்டுத் தெரிஞ்சுக்குவோம்."

நாரையம்மா ஒரு நிமிடம் யோசித்தாள். ஏரி நம் ஏரி, கூடு நம் மரத்தில். பொய் இல்லை. 'நம்முடையது' என்ற கட்டத்தில் டிக் போட்டாள். அப்பாடா என்று பேனாவை மூடினாள்.

செயலாளர் படிவத்தைத் திருப்பினார். பின்பக்கம் முழுக்க எழுத்து. "நம்முடையதுன்னா எந்தப் படைப்பிரிவு? எல்லை தாண்ட யார் அனுமதி குடுத்தது?"

"யாரும் குடுக்கலை..."

"உத்தரவில்லாம எதிரி மண்ணுல எழுபத்திமூணு பேரா!" தளபதி எழுந்தே விட்டார். "திரும்பி வந்ததும் எல்லாரையும் கைது பண்ணணும். இறங்க மறுத்தா சுடணும்!"

மணி ஐந்து முப்பத்தைந்து.

அவளுக்கு இந்த வருடத்துக் குஞ்சுகள் நினைவுக்கு வந்தன. கழுத்தை இன்னும் சரியாக நீட்டத் தெரியாமல், கூட்டத்தின் வாலில் தள்ளாடித் தள்ளாடி வரும். இந்நேரம் எல்லைக்கு அந்தப் பக்க வயல்களிலிருந்து எழும்பத் தொடங்கியிருக்கும். குண்டு விழப்போகும் சிற்றூரில், அவற்றை அண்ணாந்து பார்த்தபடி யாராவது துணி மடித்துக்கொண்டிருக்கலாம்.

படிவத்தை இழுத்தாள். தான் போட்ட டிக்கைக் கோடு போட்டு அடித்தாள். மூன்று கட்டங்களுக்கும் கீழே, அளவுகோல் வைத்ததுபோல் நேராக, நான்காவது கட்டம் ஒன்று வரைந்தாள். பக்கத்தில் 'நாரை' என்று எழுதி, டிக் போட்டு, கையெழுத்திட்டாள்.

"அரசாங்கப் படிவத்தைத் திருத்துறது குற்றம்" என்றார் செயலாளர் வெலவெலத்துப்போய்.

"தாராளமா உள்ளே வைங்க. முப்பது வருஷம் சேத்துல நின்னவளுக்கு ஜெயில் ஒண்ணும் பெரிசில்லை. ஆனா அந்தக் கட்டத்தை மட்டும் அழிக்காதீங்க." படிவத்தை அவர் பக்கம் தள்ளினாள். "அது நூறு சதவீதம்."

பல்கலைக்கழகத்தில் யாராவது கேட்டிருந்தால் மயங்கி விழுந்திருப்பார்கள்.

தளபதி தொலைபேசியை எடுத்தார். அவளைக் கைது செய்யவா, பீரங்கியைச் சுடச் சொல்லவா என்று தெரியவில்லை. அதற்குள் கதவு திறந்தது. ஒட்டுக்கேட்கும் பிரிவின் குமாஸ்தா, கழுத்தில் ஹெட்போனும் கையில் இரண்டு தாள்களுமாக, மூச்சிரைக்க உள்ளே வந்தார். தொப்பை பெருத்த நிதானமான மனிதர். அவர் ஓடி வந்து யாரும் பார்த்ததில்லை.

"ஐயா, அந்தப் பக்கத்து அமைச்சகத்துல நடந்த ரகசியப் பேச்சு. இப்பதான் பிடிச்சோம். காலையில அவங்க ரேடார்லயும் தெரிஞ்சிருக்கு. நாமதான் அனுப்புறோம்னு பீரங்கியைத் திருப்பி வச்சிருக்காங்க. இப்ப மூடச் சொல்லிட்டாங்க. வெறும் நாரைங்களாம்."

"யார் சொன்னதாம்?"

"அவங்க நிபுணர்."

தளபதி மேசையை ஓங்கித் தட்டினார். "பாத்தீங்களா! நிபுணர்னா இப்படி இருக்கணும். ஒரே வார்த்தை, விஷயம் முடிஞ்சுது!" தொலைபேசியில் அங்கேயே உத்தரவு போட்டார்: பீரங்கிகளை மூடு, ஒரு குண்டுகூட வெடிக்கக் கூடாது.

மணி ஐந்து ஐம்பத்திரண்டு. நாரையம்மா நாற்காலியில் சாய்ந்து நீளமாக மூச்சு விட்டாள். குஞ்சுகள் கூடு சேரும். அது போதும்.

"எதிரி எதிரிதான், ஆனா ஆளைத் தேர்ந்தெடுக்கத் தெரிஞ்சிருக்கு" என்று செயலாளர் பெருமூச்சு விட்டார். "அந்த மாதிரி ஒருத்தர் நமக்கு எங்கே கிடைக்கப்போறார்?"

குமாஸ்தா இரண்டாவது தாளைக் கண்ணருகே கொண்டுபோனார். "அவர் சொந்தமா ஒண்ணும் சொல்லலைங்க, ஒரு புத்தகத்தைத்தான் படிச்சுக் காட்டியிருக்கார், 'அந்தம்மா எழுதியிருந்தா சரியாத்தான் இருக்கும்'னு அவங்க தளபதியே எழுந்து நின்னு சொன்னாராம், ஆனா புத்தகம் எழுதினவங்க பேரும் இந்தம்மா கழுத்துல தொங்குற அட்டையில இருக்கிற பேரும் ஒண்ணா இருக்குதுங்களே!"