மாம்பழக் கிரீமும் நாற்பதாம் நம்பர் கோனும்

டம்ளரைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டினால் கேக் தானாக விழும் என்றுதான் தவசிமுத்து நினைத்திருந்தார். தட்டினார். விழவில்லை. அம்மிக்கல்லில் ஓங்கித் தட்டினார். டம்ளர் நெளிந்தது, கேக் அசையவில்லை. கரண்டிக் காம்பை விட்டு நெம்பியதில் பாதி வந்தது. மீதி டம்ளரோடு ஐக்கியமாகிவிட்டது.

“ஏலே தவசிமுத்து, ஒனக்கு இது தேவையாலே?” என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

கேட்டு என்ன பிரயோசனம்? ஞாயிற்றுக்கிழமை காலை மணி எட்டு. சாயந்திரம் நாலு மணிக்கு மானேஜர் பங்களாவில் ஒரு டஜன் கப் கேக் இருந்தாக வேண்டும். அதுவும் வெறும் கேக் இல்லை, தலையில் மாம்பழக் கிரீமோடு.

எல்லாம் வாயால் வந்தது. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில், கோனில் நூல் சுற்றும் பகுதிக்குப் பதினாறு வருடமாக அவர் மேஸ்திரி. அங்கே சூப்பர்வைசர் வேலை ஒன்று காலியாகியிருந்தது. இவருக்கும் இன்னொரு மேஸ்திரியான மலைச்சாமிக்கும்தான் போட்டி. திங்கட்கிழமை மானேஜர் பெயரைச் சொல்லிவிடுவார். சூப்பர்வைசர் என்றால் காக்கிச் சட்டை போய் வெள்ளைச் சட்டை, தனி மேசை, தலைக்கு மேலே ஃபேன். பதினாறு வருடம் பஞ்சுத் தூசியில் தும்மியவருக்கு அந்த ஃபேன்மேல் தீராத ஆசை.

புதன்கிழமை டீ நேரத்தில் மானேஜர் அந்தப் பக்கம் வந்தார். மேஸ்திரி கையில் ஒரு கப் கேக் இருந்தது. மாம்பழக் காலம் வந்தால் அவர் மில்லிலிருந்து திரும்புவதற்குள் வீட்டில் அது தவறாமல் தயாராக இருக்கும். காகிதக் கப்புக்குள் மெத்தென்று கேக், மேலே பூப்போலச் சுழித்த மஞ்சள் கிரீம், வாயில் வைத்தால் சப்பட்டை மாம்பழ வாசனை. தங்கச்சி பிரசவத்துக்காகத் தளவாய்புரம் போன அவர் மனைவி தங்கபாய், புருஷனுக்கு நாலு கேக்கை டின்னில் வைத்துவிட்டுத்தான் போனாள்.

“சாப்பிடுங்க சார்,” என்று இன்னொன்றை நீட்டினார்.

மானேஜர் ஒரு கடி கடித்தார். நிறுத்தினார். கப்பைத் தூக்கி அடிப்பக்கம் பார்த்தார். இன்னொரு கடி கடித்தார்.

“யார் செஞ்சது?”

“எங்க வீட்டுல சார்.”

“உங்க வீட்டுலயா?”

“ஆமா சார், வருசா வருசம். விடியக்காலம் நாலு மணிக்கே எந்திரிச்சுப் பழம் பிழிய ஆரம்பிச்சிருவா. நான் பக்கத்துல இருந்து பதம் சொல்லுவேன்.”

கடைசி இரண்டு வாக்கியமும் வெறும் அளப்பு, தேவையே இல்லை. ஆனால் தவசிமுத்துவின் வாய் ஓட ஆரம்பித்தால் சுவிட்சை அணைத்தாலும் நாலு சுற்றுச் சுற்றித்தான் நிற்கும்.

“பதம் நீங்கதான் சொல்வீங்களா?”

“நான் சொல்லலைன்னா அவளுக்குக் கையே ஓடாது சார்.”

மானேஜர் கடைசித் துண்டையும் வாயில் போட்டுக்கொண்டார். “சரி, ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு டஜன் வீட்டுக்குக் கொண்டு வாங்க. எங்க வீட்டுலயும் பார்க்கட்டும்.”

அப்போதே தவசிமுத்துவின் தலைக்கு மேலே ஃபேன் சுற்ற ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்குச் சாயந்திரமே தளவாய்புரத்துக்கு பஸ் ஏறினார்.

“ஏட்டி, கேக்கு கேட்டுட்டாருட்டி! மானேஜரே கேட்டுட்டாரு!”

தங்கபாய் முகம் வெளிறிப்போனது. “எந்த மானேஜரு?”

“எங்க மானேஜருதான். ஊருல எம்புட்டு மானேஜரு இருக்காவ?”

“ஐயோ, முடியாதுன்னு சொல்லிருங்க. பிள்ள பெத்தவள விட்டுட்டு நான் எப்படி வர?”

“அப்போ பக்குவத்தச் சொல்லு, நானே செஞ்சுக்கிடுதேன்.”

“அது... மைதா, முட்டை, சீனி... எல்லாம் கண்ணளவுதான்.”

“எம்புட்டு நேரம் வேகணும்?”

“வேகுற வரைக்கும்.”

“கிரீமு?”

“மாம்பழத்தப் போட்டு அடிக்கணும். கிரீமு ஆகுற வரைக்கும் அடிக்கணும். வேண்டாங்க, நாஞ்சொல்றதக் கேளுங்க. ரெண்டு வாரம் பொறுங்க, நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

கட்டின புருஷனிடம்கூடத் தொழில் ரகசியத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறாளே என்று பெருமையும் எரிச்சலுமாக அவர் திரும்பி வந்தார். ரெண்டு வாரம் பொறுத்தால் மலைச்சாமி அந்த ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்துவிடுவானே!

இதனால்தான் கோயிலுக்குக்கூடப் போகாமல் இந்த ஞாயிற்றுக்கிழமைப் பாடு.

இரண்டாவது தடவை டம்ளருக்குள் டால்டாவை அப்பி, இரும்புச் சட்டியில் மணல் பரப்பி, அதன்மேல் அடுக்கி வேகவைத்தார். இந்த முறை கேக் வந்தது. ஆனால் ஒவ்வொன்றும் நடுவில் குழி விழுந்து வந்தது. “குழி நல்லதுதான், கிரீம் வழியாது” என்று தன்னைத் தேற்றிக்கொண்டார்.

அடுத்தது கிரீம். சப்பட்டைப் பழத்தைப் பிழிந்தால் ஒரே நார். பேண்டேஜ் துணி நெய்யும் அந்த ஊர்ப்பக்கம் அது இல்லாத வீடு ஏது? ஒரு சுருளைப் பிரித்து வடிகட்டினார். நார் நின்றது, அதற்குப் பதில் துணியின் நூல் பிரிந்து சாற்றில் விழுந்தது. நாலைப் பொறுக்கினார், நாற்பதை விட்டுவிட்டார்.

டால்டாவும் பொடித்த சீனியும் சாறும் சேர்த்து அடித்தார். சாம்பார் மாதிரி நின்றது. சீனி போட்டார். இன்னும் இளகியது. சித்திரை வெயிலில் மனுஷனே உருகும்போது டால்டா என்ன செய்யும்? ஓடிப்போய் ஐஸ் கட்டி வாங்கிவந்து அதன்மேல் பாத்திரத்தை வைத்தார். ஐஸ் கரைந்தது, பாத்திரம் சாய்ந்தது, ஐஸ் தண்ணீர் கிரீமுக்குள் போனது. இப்போது ரசம்.

அந்த நேரம் பார்த்து ஜன்னலில் ஒரு முகம். ரெண்டு வீடு தள்ளியிருக்கும் பிச்சையம்மாள். மானேஜர் பங்களாவில் சமையல் வேலை பார்ப்பவள்.

“அண்ணாச்சி, என்ன பண்ணுதிய? மீசையெல்லாம் சீனி!”

“கேக்கு பண்ணுதேன். நீ போ.”

“மாம்பழக் கேக்கா? ஏன் அண்ணாச்சி இம்புட்டுப் பாடு? எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னா...”

“பிச்சையம்மா, நீ சோறு கொழம்பு வைக்கிறவ. இது கைப்பக்குவம், எங்க வீட்டோட வந்தது. ஒனக்கு இதுல என்ன தெரியும்?”

“அதில்ல அண்ணாச்சி, அக்கா எப்பவும்...”

“செத்த நேரம் பேசாமப் போத்தா, பதம் கெட்டுரும்!” என்று ஜன்னலைச் சாத்தினார். கெடுவதற்கு அதில் இன்னும் என்ன பதம் மிச்சமிருந்தது என்று அவருக்கே தெரியவில்லை.

கெட்டியாக என்ன செய்யலாம் என்று யோசித்ததில் பால்கோவா நினைவுக்கு வந்தது. நூல் மில் மூளை என்றால் சும்மாவா! பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் போய் அரைக்கிலோ வாங்கி, நின்றுகொண்டே திரும்பிவந்து மொத்தத்தையும் கொட்டிக் கிளறினார். கெட்டியானது. ரொம்பக் கெட்டியானது. கரண்டியை நட்டால் சாயாமல் நின்றது.

மணி மூணு. இதை எப்படிப் பூவாகச் சுழிப்பது? ஊரில் மற்றவர்கள் திணறியிருப்பார்கள். கோன் மேஸ்திரிக்கு வழி தெரியாதா? அடுப்புப் பற்றவைக்க மில்லிலிருந்து கொண்டுவந்த நசுங்கிய காகிதக் கோன்கள் மூலையில் கிடந்தன. அகன்ற வாயில் கிரீமை அடைத்து, சப்பாத்திக் கட்டையால் குத்த, கூர்முனை ஓட்டை வழியாக நெளிந்து நெளிந்து வந்தது. தவசிமுத்து தன் மேதாவித்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டார். ஒன்றை மட்டும் மறந்துவிட்டார். நூலின் நம்பரைக் கண்டுபிடிக்க ஒவ்வொரு கோன் முனையிலும் ஒரு சாயம் பூசியிருக்கும். இவர் எடுத்தது சிவப்பு. ஈரம் பட்டதும் சாயம் இறங்கி மஞ்சள் கிரீமில் கோடு கோடாக ஓடியது. பேண்டேஜ் நூலும் சேர்ந்து, பன்னிரண்டு கேக்கும் அடிபட்டு ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டவை போல உட்கார்ந்திருந்தன.

நாலு மணிக்குப் பங்களாவில் டின்னைத் திறந்தார். மானேஜரின் சம்சாரம் மானேஜரம்மா எட்டிப் பார்த்து முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். மானேஜர் சிரிக்கவில்லை. ஒன்றை எடுத்துக் கடித்தார். வாயிலிருந்து ஒரு நூலை இழுத்தார். அது வந்துகொண்டே இருந்தது.

“இந்தச் சிவப்பு, நம்ம நாற்பதாம் நம்பர் கோன் சிவப்புதானே?”

“ஆமா சார். எப்பவும் வேலை ஞாபகமாவே இருக்கம்லா...”

“பக்கத்துல இருந்து பதம் சொல்வீங்களாமே?” என்றார் மானேஜரம்மா. “இன்னிக்கும் தங்கபாய்தான் செஞ்சாங்களா?”

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் வாய்க்காது. ஃபேன் கண்ணுக்கு முன்னால் சுற்றியது.

“அவதாம்மா. இன்னைக்கு என்னமோ அவளுக்குக் கை தவறிப்போச்சு.”

தளவாய்புரத்தில் பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருப்பவள் தலையில் பழியைப் போட்டுவிட்டோமே, நீயெல்லாம் ஒரு மனுஷனாலே என்று உள்ளுக்குள் திட்டிக்கொண்டார். வேலை போனது போனதுதான் என்று கும்பிட்டுவிட்டுத் திரும்பினார்.

“நில்லுங்க தவசிமுத்து,” என்றார் மானேஜர். “சூப்பர்வைசர் வேலைக்கு உங்க பேரைத்தான் எழுதியிருக்கேன். அடுத்தவங்க கைவேலையைப் பத்தி இவ்வளவு தைரியமாப் பேச நம்ம மில்லுல வேற ஆளே இல்லை.”

மானேஜரம்மாவுக்கு அதற்குமேல் அடக்க முடியவில்லை; உள்ளே ஓடிவிட்டார். தவசிமுத்துவுக்குக் கண் கலங்கியது. கேக் எப்படி இருந்தால் என்ன, பெரிய மனுஷன் நம் திறமையைக் கண்டுகொண்டாரே என்று மிதந்துகொண்டே வாசலுக்கு வந்தார்.

கேட்டருகே பிச்சையம்மாள் அவருடைய டின்னோடு நின்றாள். வாங்கினால் கனமாக இருந்தது. திறந்து பார்த்தார். காகிதக் கப்புக்குள் மெத்தென்று கேக், மேலே பூப்போலச் சுழித்த மஞ்சள் கிரீம், அதே சப்பட்டை வாசனை.

“காலையிலயே சொல்ல வந்தேன், நீங்கதான் சன்னலச் சாத்திட்டிய,” என்றாள் பிச்சையம்மாள். “இது தங்கபாய் அக்கா ஊருக்குப் போகும்போதே சொல்லிட்டுப்போன கேக்கு அண்ணாச்சி, ஆறு வருசமா உங்க வீட்டுக்கு எங்க மானேஜரம்மாதான செஞ்சு குடுக்காவ!”