நடுக்குளத்தில் மூச்சடைத்த மோட்டார்

‘எனக்குத் தெரியாது’ என்று சொல்வதற்கு மட்டும் என் வாய் திறக்காது. தென்காசியில் பைக் மெக்கானிக் கடை போட்ட புதிதில் அந்த வியாதி நன்றாகவே முற்றியிருந்தது.

கடையநல்லூர் நண்பன் காசிம் துபாயிலிருந்து திரும்பி, குற்றாலத்துப் பக்கம் ஒரு குளத்தில் படகு விட்டிருந்தான். பழைய மோட்டார். பத்து நிமிடம் ஜோராக ஓடும், பிறகு இழுவை குறைந்து நின்றுவிடும்.

“ஏலே, படகு மோட்டாரெல்லாம் ஒனக்குத் தெரியுமா?” என்றான்.

“நவுருலே” என்றேன். (படகை நான் கிட்டத்தில் பார்த்ததே அன்றுதான்!)

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். கரையில் ஐந்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன், சிங்கமாக உறுமியது. சாரல் தண்ணீர் இறங்கிவிடாமல் பெட்ரோல் டேங்க் மூடியில் காசிம் எப்போதும் பாலிதீன் பை சுற்றிக் கட்டுவான். நான் இன்னும் ஒரு சுற்று இறுக்கினேன்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். சுந்தரபாண்டியபுரத்திலிருந்து எனக்குப் பார்த்திருந்த பெண் வீட்டார் அருவிக்குக் குளிக்க வந்திருந்தார்கள். பெண் பார்த்து ஒரு மாதமாகியும் பதில் இல்லை. எனக்கோ செல்வியைப் பார்த்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. திறமையைக் காட்டிவிடுவோம் என்று அவளையும் அவள் அப்பாவையும் படகில் ஏற்றினேன்.

நடுக்குளத்தில் மோட்டார் முனகியது, நின்றது. மூடியைத் திறந்து பார்த்தேன், பெட்ரோல் இருந்தது. மூடியை மாட்டிப் பையைக் கட்டிவிட்டு, ப்ளக்கைத் துடைத்துப் போட்டேன். ஓடியது!

“பாத்தியளா மாமா, ப்ளக்குதான்!” (நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் மாமா.)

பத்து நிமிடத்தில் மறுபடி நின்றது. மறுபடி திறந்தேன், கட்டினேன், துடைத்தேன். மூன்றாம் தடவை அவர் கேட்டார், “தம்பிக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியும்” என்றேன். (தெரியாது.)

அப்போதுதான் செல்வி வாய் திறந்தாள். “எப்பா, அந்தப் பையை அவுக்கச் சொல்லுங்க. மூடியில காத்துப் போக ஓட்டை இருக்குல்லா? அதை அடைச்சா பெட்ரோல் எப்படி வரும்? நம்ம வயலுக்கு மருந்தடிக்கிற டேங்க் மூடியில தூசி அடைச்சா மருந்து வருதா?”

அவிழ்த்தேன். கரை வரை மோட்டார் நிற்கவேயில்லை. இத்தனை நேரமும் அதை ஓட வைத்தது ப்ளக் அல்ல, நான் மூடியைத் திறந்தபோது உள்ளே போன காற்றுதான். மானம் கப்பலேறியது உண்மைதான். ஆனாலும் சத்தியமாகச் சொல்கிறேன், வெட்கத்தைவிட அவளை நினைத்துப் பெருமைதான் பொங்கியது.

இறங்கியதும் அவள் அப்பா, “என்னட்டி சொல்லுத?” என்றார்.

“சரின்னு சொல்லுங்கப்பா. பாவம், தனியா விட்டா தாங்க மாட்டாவ.”

இப்போதும் விசேஷ வீடுகளில் என் மாமனார் என் தோளில் கைபோட்டுக்கொண்டு ஊருக்கே சொல்வார்: “இவரு நம்ம மருமகன். பெரிய மெக்கானிக்கு. எதுவும் ரிப்பேருன்னா என் மகட்ட கேளுங்க!”