சால்னா மட்டும்தான்

ஏழு வயது ஏஞ்சலினுக்கு வந்திருப்பது சீலியாக் என்றார் டாக்டர். கோதுமை, மைதா, ரவை, எது துளி உள்ளே போனாலும் குடல் புண்ணாகும். சாப்பிட்டது உடம்பில் ஒட்டாது. வாயைக் கட்டுவதுதான் மருந்து. ஆறு மாதம் கட்டியும் எடை அரைக் கிலோகூட ஏறவில்லை. "எங்கயோ கோதுமை உள்ள போகுது" என்று டாக்டர் சொன்னதிலிருந்து அப்பன் ஜெரால்டு கண்ணில் பட்ட பாக்கெட்டையெல்லாம் திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தான்.

தேர்வாய் கண்டிகை கம்பெனியில் ஜெரால்டு குவாலிட்டி செக்கிங். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், பேனாவும் நோட்டுமாக மனைவியின் அடுப்படிக்குள் ஆடிட்டுக்கு இறங்கினான்.

"பெருங்காயத்துல மைதா கலக்குறான், தெரியுமா?"

"மாத்தி நாலு மாசம் ஆவுது" என்றாள் கிறிஸ்டினா.

"அரிசி மாவு? மிஷின்ல கோதுமையும் அரைப்பானே?"

"ஊட்லயே மிக்ஸில அரைக்கிறேன்."

"தோசைக்கல்லு?"

"புதுசு."

நோட்டில் ஒரு வரிகூட விழவில்லை. கட்டிலில் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டிருந்தாள். குச்சிக் கை, உப்பிய வயிறு. பிள்ளை கைவிட்டுப் போய்விடுமோ என்று பயந்தான். பயந்தால் அவனுக்குக் குரல் ஏறிவிடும்.

"உன் கிச்சன்லதான் இன்னாவோ தப்பு நடக்குது."

கிறிஸ்டினா கோபப்படவில்லை. "நாளைக்கு நாம ரெண்டு பேரும் ரத்தம் குடுக்கணுமாம். கோதுமை யாரால வருதுன்னு அதுல தெரிஞ்சிடுமாம்."

"ஆளு பேரு வருமா?"

"கடை பேரே வருமாம்."

ஜெரால்டு தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"சனிக்கிழமை ஷிஃப்ட் முடிஞ்சு நானும் கூட வேலை செய்யுற ஆசீர்வாதமும் பரோட்டா துன்னுவோம். வரும்போது பாப்பாவுக்கு சால்னா மட்டும்தான் வாங்கியாருவேன். நீ ஜெபக்கூட்டம் போயிக்கினு இருப்ப. இட்லிக்கு ஆசையாக் கேக்குது கிறிஸ்டி. பரோட்டா ஒரு துண்டுகூட குடுக்கல."

"எத்தினி வாரமா?"

"எல்லா வாரமும்தான். சால்னாவுல ஏது கோதுமை?"

"மாவு பெசைஞ்ச கையாலதான்யா அந்த மாஸ்டர் சால்னாவும் ஊத்துறாரு. கெட்டியா வரணும்னு மைதா வேற கரைச்சு விடுவாங்க."

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆறு மாதமாகப் பெற்ற பிள்ளைக்குத் தன் கையாலேயே வலியை வாங்கி ஊட்டியிருக்கிறான். "இனிமே அந்தக் கடைப் பக்கமே போவ மாட்டேன். ரத்தம் எவ்ளோ வேணும்னாலும் எடுத்துக்கட்டும்" என்றான்.

"அப்படி ஒரு டெஸ்டே கெடையாது" என்றாள் கிறிஸ்டினா. "பாப்பா காலையிலயே எல்லாம் சொல்லிட்டா."